மாறிலிக்குள் அடங்கிய மழை: தமிழக ஏரிக் கலிங்குகளின் வடிவமைப்பும் காலநிலை மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழக ஏரிகளின் வரலாறு பெரும்பாலும் நீர்த்தேக்கத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மிகைநீரை வெளியேற்றும் கலிங்கின் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. கலிங்கின் நீளமும் உயரமும், எவ்வளவு பெரிய மழை வரக்கூடும் என்பது குறித்து ஒரு காலம் கொண்டிருந்த கணிப்பைக் காட்டுகின்றன. 1884இல் உருவான ரைவ்ஸ் வாய்பாடு இக்கணிப்பை ஒரு மாறிலிக்குள் அடக்கியது. புவி வெப்பமடைதலால் பெருமழையின் இயல்பு மாறிவரும் சூழலில் அம்மாறிலியின் அடிப்படை எவ்வாறு கேள்விக்குள்ளாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1846, 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் மழைப்பொழிவுகள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலிங்கு, ஏரித்தொடர், ரைவ்ஸ் வாய்பாடு, வடகிழக்குப் பருவமழை, நீர்ச்சுழற்சி, பெருமழை.

முன்னுரை

ஏரி என்றதும் நினைவுக்கு வருவது அது தேக்கிவைக்கும் நீர். ஆனால் ஓர் ஏரியின் ஆயுளை முடிவு செய்வது, அது தேக்க இயலாமல் வெளியேற்றும் நீரே ஆகும். மண்ணால் எழுப்பப்பட்ட கரையின் மீது நீர் வழிந்தோடினால் கரை அரிக்கப்பட்டு உடையும். அதனைத் தடுப்பதற்காகக் கரையை விடத் தாழ்வான இடத்தில் கல்லால் கட்டப்படும் மிகைநீர்ப் போக்கி, கலிங்கு எனவும் கலங்கல் எனவும் வழங்கப்படுகிறது. அதிலிருந்து நீர் வழிவதைத் தென்மாவட்ட மக்கள் ‘மறுகால் பாய்தல்’ என்பர். சென்னை மாகாணத்தின் ஆங்கிலேயப் பொறியாளர்கள் இதற்கு வேறு சொல் தேடாமல், கலிங்கு என்பதையே தம் மொழியில் திரித்து ஏற்றுக்கொண்டனர்.

மதகின் அளவு வயலின் தேவையைப் பொறுத்தது. கலிங்கின் அளவோ வானத்தைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு கலிங்கும், இதைவிடப் பெரிய வெள்ளம் இவ்வூருக்கு எளிதில் வாராது என்னும் ஒரு கணிப்பைக் கல்லில் வடித்த வடிவமாகும். அக்கணிப்பு எங்கிருந்து பெறப்பட்டது, இன்று அது எந்த அளவுக்குச் செல்லும் என்னும் இரு வினாக்களும் இங்கு ஆய்வுக்குரியன.

கலிங்கும் ஏரித்தொடரும்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை தனித்து நிற்பன அல்ல. மேலேரியின் கலிங்கிலிருந்து வெளியேறும் நீர் அடுத்த ஏரியை நிரப்பும். அதன் மிகைநீர் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இறுதியில் ஆற்றையோ கடலையோ அடையும். இவ்வமைப்பு ஏரித்தொடர் எனப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழையின் இயல்பே இவ்வமைப்பின் பின்புலம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இப்பங்கு இன்னும் மிகுதி. அதுவும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் சில நாட்களிலேயே பருவத்தின் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டுச் செல்லும். சில நாள் மழையை ஓராண்டுக்குப் பயன்படுத்த வேண்டிய தேவையும், அச்சில நாள் மழையால் அழியாமல் காக்க வேண்டிய தேவையும் ஒருங்கே எழுந்தன.

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பேணுவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழுவின் கடமையாக இருந்தமை இதனால் புலனாகிறது. மதுராந்தகத்தில் வழங்கும் ‘ஏரி காத்த ராமர்’ மரபும் இங்குக் கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுப் பகுதியின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு, பெருமழையில் உடையவிருந்த ஏரிக்கரையை இராமன் காத்து நின்றதைக் கண்டதாக அம்மரபு கூறுகிறது. நிகழ்வின் உண்மை எவ்வாறாயினும், கரை தாங்குமா என்ற அச்சம் ஊரின் நினைவில் நீங்காது பதிந்திருந்ததற்கு இம்மரபு சான்றாகும்.

இவ்வச்சத்துக்கு முற்காலத்தவர் கண்ட விடை எண்ணாக இல்லை, நடைமுறையாகவே இருந்தது. பல கலிங்குகளின் மேல் வரிசையாகக் கல் தூண்கள் நடப்பட்டிருந்தன. பருவத்தின் தொடக்கத்தில் அவற்றின் இடைவெளிகள் திறந்தே இருக்கும். பெருவெள்ள அச்சம் நீங்கியபின் மண்ணும் புல்லும் கொண்டு அவ்விடைவெளிகளை அடைத்துக் கூடுதல் நீரைத் தேக்குவர். எப்போது அடைப்பது என்பதை ஊராரின் பட்டறிவு முடிவு செய்தது. அப்பட்டறிவும் ஒரு நம்பிக்கையைச் சார்ந்தே இருந்தது: பருவத்தின் பிற்பகுதியில் பெருமழை அரிது என்பதே அந்நம்பிக்கை.

1884: வெள்ளம் எண்ணாக மாறியமை

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 1883இல் சென்னை மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏரிகளை அளந்து, ஒவ்வொன்றுக்கும் கலிங்கு நீளம் வகுக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஊரின் பட்டறிவையும் தனித்தனியே கேட்டறிந்து முடிவெடுப்பது ஒரு மையத் துறைக்கு இயல்வதன்று. எல்லா ஏரிகளுக்கும் பொருந்தும் ஒரு விதி தேவைப்பட்டது.

1884இல் ரைவ்ஸ் என்னும் பொறியாளர் அத்தகைய விதியை அளித்தார். அதற்கு முன்னர் 1865இல் டிக்கென்ஸ் வகுத்த வாய்பாட்டைத் தமிழகச் சூழலுக்கேற்ப அவர் மாற்றியமைத்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பின் கனமூலத்தைக் கண்டு, அதனை வர்க்கப்படுத்தி, ஒரு மாறிலியால் பெருக்கினால் உச்ச வெள்ளத்தின் அளவு கிடைக்கும். பரப்பைச் சதுர கிலோமீட்டரிலும் வெள்ளத்தை வினாடிக்குக் கன மீட்டரிலும் கொண்டால், அம்மாறிலி கடற்கரையை ஒட்டிய சமவெளிக்கு 6.8, உட்பகுதிக்கு 8.5, மலையை ஒட்டிய குறுகிய பகுதிக்கு 10.2 ஆகும். நீரியல் பாடநூல்களில் இவ்வாய்பாடு இன்றளவும் இடம்பெறுகிறது.

இவ்வாய்பாட்டில் மழை என்னும் உறுப்பே இல்லை. பரப்பு மட்டுமே அளக்கப்படுகிறது. மழையின் செறிவு, நிலத்தின் சரிவு, மண்ணின் உறிஞ்சுதிறன், தாவரப் போர்வை ஆகிய அனைத்தும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கியுள்ளன. அவ்வெண், அதுவரை காணப்பட்ட வெள்ளங்களிலிருந்து பெறப்பட்டது. நேற்றைய மழை நாளையும் அதே இயல்புடன் பெய்யும் என்ற கருதுகோள் வெளிப்படையாகக் கூறப்படாமலேயே வாய்பாட்டுக்குள் இடம்பெற்றுவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கடலோரத்தில் 27 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புடைய ஓர் ஏரியைக் கொள்வோமாயின், 27இன் கனமூலம் 3, அதன் வர்க்கம் 9, 6.8ஆல் பெருக்க, உச்ச வெள்ளம் வினாடிக்கு ஏறத்தாழ 61 கன மீட்டர். இதனை முழுப் பரப்பிலும் பரப்பிப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீர் வழிந்தோடுவதற்குச் சமம். அந்த அளவிலேயே ஒரு நாள் முழுதும் ஓடினால் 20 சென்டிமீட்டர் ஆகும். பெய்யும் மழையில் ஒரு பகுதியை மண் உறிஞ்சும். ஒரு பகுதியை ஏரியே தற்காலிகமாக ஏந்திக்கொள்ளும். எனவே 20 சென்டிமீட்டரை விடச் சற்று மிகுதியான மழையையும் இக்கலிங்கு தாங்கக்கூடும். ஆயினும் அதன் எல்லை எவ்வளவு என்பது இக்கணக்கால் புலனாகிறது.

ஏரித்தொடரைக் கணக்கிடும்போது மற்றொரு கருதுகோளும் சேர்ந்தது. மேலேரிகள் தடுத்து நிறுத்தும் பரப்புக்காக, கீழேரியின் வெள்ள அளவிலிருந்து ஒரு பகுதி கழிக்கப்பட்டது. மேலேரி நிலைத்திருக்கும் வரை இக்கழிவு பொருந்தும். மேலேரி உடைந்தால், கழிக்கப்பட்ட நீர் தேங்கியிருந்த நீரையும் சேர்த்துக்கொண்டு ஒரே வேளையில் கீழே வரும். 1903 நவம்பரில் பாலாற்றின் மேற்பகுதி ஏரிகள் உடைந்து வாணியம்பாடியைப் பெருவெள்ளம் அழித்த நிகழ்வு இதற்குச் சான்று. ஏரித்தொடர் சிறு மழையில் ஒன்றையொன்று காக்கும். எல்லை மீறிய மழையில் ஒன்றையொன்று உடைக்கும்.

1846: வெப்பமடைதலுக்கு முந்தைய பெருமழை

கடந்த காலத்தில் பெருமழை இல்லை என்று கருதுவது பிழையாகும். 1792இல் நிறுவப்பட்ட சென்னை வான்ஆய்வுக்கூடத்தின் வழியே 1813 முதல் சென்னையின் மழை அளவுகள் கிடைக்கின்றன. 1846 அக்டோபர் 21 அன்று 24 மணி நேரத்தில் 52 சென்டிமீட்டர் மழை பதிவானது. இது மணிக்குச் சராசரியாக 22 மில்லிமீட்டர் ஆகும். தொழிற்புரட்சியின் கரிவளி வளிமண்டலத்தில் பெருமளவு சேர்வதற்கு முன்னரே பெய்த மழை இது.

இப்பதிவு இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, ஒரு பெருமழையைக் கண்டவுடன் அது காலநிலை மாற்றத்தால் விளைந்தது என்று கூறிவிட இயலாது. இரண்டாவது, இயற்கையான ஏற்ற இறக்கத்திலேயே கலிங்குகளின் கணிப்பை மீறும் மழைகள் இருந்துள்ளன. எனவே ஆய்வுக்குரிய வினா பெருமழை புதியதா என்பதன்று. அதன் செறிவும் நிகழ்தகவும் மாறுகின்றனவா என்பதே.

நீராவியும் நீர்ச்சுழற்சியும்

இவ்வினாவுக்கான இயற்பியல் அடிப்படை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. 1834இல் கிளாப்பிரான் வகுத்து, 1850இல் கிளாசியஸ் செம்மைப்படுத்திய உறவின்படி, காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு உயரும். பெருமழை பெய்யும்போது சுற்றிலுமுள்ள நீராவி ஓரிடத்தில் குவிந்து நீராகிறது. குவியும் காற்றில் நீராவி மிகுந்தால் பொழியும் மழையும் மிகும்.

ஆனால் உலகின் மொத்த மழை இதே வீதத்தில் உயர்வதில்லை. நீர் ஆவியாவதற்கும், ஆவி மீண்டும் நீராவதற்கும் வளிமண்டலத்தின் ஆற்றல் வரவு செலவு ஓர் எல்லை விதிக்கிறது. எனவே உலகச் சராசரி மழை ஒரு பாகைக்கு 1 முதல் 3 விழுக்காடு வரையே உயரும் என, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் வெளியிட்ட ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை கூறுகிறது. மிகக் கடுமையான ஒருநாள் மழையோ உலக அளவில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு செறிவு பெறுகிறது. மொத்தம் மெல்ல உயர, உச்சம் விரைந்து உயர்கிறது. இவ்விரு வீதங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடே நீர்ச்சுழற்சியின் மாற்றத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். ஒரே பகுதியில் வெள்ளமும் வறட்சியும் கூடுவது முரண் அன்று என்பது இதனால் தெளிவாகும்.

7 விழுக்காடு சிறிதெனத் தோன்றலாம். 30 சென்டிமீட்டர் மழையில் 10 சென்டிமீட்டரை மண் உறிஞ்சுவதாகக் கொண்டால், வழிந்தோடுவது 20 சென்டிமீட்டர். மழை 7 விழுக்காடு மிகுந்து 32.1 ஆனால், மண் உறிஞ்சுவது அதே அளவாக இருக்க, வழிந்தோடுவது 22.1 சென்டிமீட்டர் ஆகும். அதாவது 10 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட உயர்வு. கலிங்கு எதிர்கொள்வது மழையை அன்று, வழிந்தோடும் நீரையே.

நிகழ்தகவிலும் இம்மாற்றம் புலப்படுகிறது. வெப்பமடைதலுக்கு முன் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்த பெருமழை, ஒரு பாகை உயர்ந்த நிலையில் 1.3 மடங்காகவும், 2 பாகை உயர்ந்தால் 1.7 மடங்காகவும் அடிக்கடி நிகழும் என அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. இது நிலப்பரப்பு முழுமைக்குமான சராசரி.

சிறிய அணைகளின் மிகைநீர்ப் போக்கிகளுக்கு 100 ஆண்டு வெள்ளத்தை அளவாகக் கொள்ளுமாறு 1985ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை கூறுகிறது. இத்தொடர் நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் வெள்ளத்தைக் குறிப்பதில்லை. எந்த ஓராண்டிலும் 1 விழுக்காடு வாய்ப்புடைய வெள்ளத்தைக் குறிக்கிறது. 50 ஆண்டுக் காலத்தில் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு 39 விழுக்காடு. அதே வெள்ளம் 50 ஆண்டு வெள்ளமாக மாறினால் அவ்வாய்ப்பு 64 விழுக்காடாக உயரும். கலிங்கு மாறவில்லை, அதன் பொருள் மாறிவிடுகிறது. கடந்த காலத்தின் புள்ளியியல் எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்ற நிலைமாறாமைக் கருதுகோள் இறந்துவிட்டது என, மில்லி முதலான நீரியலாளர்கள் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியதன் பொருள் இதுவே.

2015: சான்றின் எல்லை

2015 நவம்பரில் சென்னையில் பெய்த ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் மழை, 1918க்குப் பின் நவம்பர் மாதத்தில் பதிவான மிக உயர்ந்த அளவாகும். ஏரிகள் நிரம்பியிருந்த நிலையில், டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கின.

இம்மழைக்குக் காரணம் காலநிலை மாற்றமா என்பதை வான் ஓல்டன்பர்க் முதலான பன்னாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அந்த ஒருநாள் மழையில் புவி வெப்பமடைதலின் தடத்தைக் கண்டறிய இயலவில்லை என்பது அவர்களது முடிவு. வங்கக் கடலின் மேற்குப் பகுதி முந்தைய சில பத்தாண்டுகளில் பிற கடல்களைப் போல வெப்பமடையாமையும், காற்றில் கலந்துள்ள மாசுத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்தமையும் இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டன. மறுபுறம், 2018இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அவ்வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் எனக் கூறியது. ஏரி மேலாண்மையிலும் நிலப் பயன்பாட்டிலும் நேர்ந்த குறைகளை அது சுட்டியது.

இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். காலநிலை மாற்றம் என்னும் சொல், நீர்நிலை ஆக்கிரமிப்பையும் பேணாமையையும் மறைக்கும் திரையாகிவிடக் கூடாது என்பது ஒன்று. மாசுத் துகள்கள் அளிக்கும் மறைப்பு நிலையானதன்று என்பது மற்றொன்று. காற்று தூய்மையாக வேண்டும் என்பது மக்கள் நலத்தின் தேவை. அது நிறைவேறும்போது, இதுவரை மறைக்கப்பட்டிருந்த வெப்பமும் வெளிப்படும். தடம் தெரியவில்லை என்பதை ஆபத்து இல்லை என்று பொருள்கொள்ள இயலாது.

2023: பருவத்தின் கடைசியில்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பெய்தன. இம்மழையைத் தந்தது பெயரிடப்பட்ட புயல் அன்று. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியே. தாமிரபரணி பெருக்கெடுத்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் பல உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலில் வந்த நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தனர்.

காயல்பட்டினத்தின் மழை மணிக்குச் சராசரியாக 40 மில்லிமீட்டர். மேற்கூறிய எடுத்துக்காட்டு ஏரியின் கலிங்கு மணிக்கு 8 மில்லிமீட்டர் வழிநீருக்கே அமைந்தது. ஓரிடத்தின் மழைமானி அளவை முழு நீர்ப்பிடிப்புக்கும் பொருத்துதல் கூடாது; பரப்பின் சராசரி அதைவிடக் குறைவாகவே இருக்கும். அக்குறைப்பைச் செய்த பின்னரும் இடைவெளி பெரிது. 

அளவைப் போலவே காலமும் கருதத்தக்கது. மார்கழித் தொடக்கம், குளங்கள் நிரம்பியிருக்கக்கூடிய காலம். கலிங்கின் கல் இடைவெளிகளை அடைத்து நீரைச் சேமிக்க மரபு இசைவளித்த காலம். வாய்பாட்டின் எண் மட்டுமன்றி, வாய்பாட்டுக்கு முந்தைய பட்டறிவின் நாட்காட்டியும் இம்மழையால் சோதனைக்குள்ளானது. இந்த ஒரு நிகழ்வைக் கொண்டு பருவம் மாறிவிட்டது என்று கூற இயலாது; ஆயினும் பருவத்தின் பிற்பகுதி பாதுகாப்பானது என்று இனி உறுதியாக நம்புவதற்கும் இடமில்லை.

வறட்சி என்னும் மறுபக்கம்

கலிங்கை அகலப்படுத்துவது மட்டுமே தீர்வு எனின், நீர் விரைந்து கடலைச் சேரும். 2015இல் மூழ்கிய சென்னை, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட நிலையில் தவித்தது. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. நான்கே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டும் ஒரே சிக்கலின் இரு முகங்கள். மழை குறைந்த நாட்களில் குவிந்து பெய்யுமாயின், பெய்யும்போது தேக்கும் திறனும் வெளியேற்றும் திறனும் ஒருங்கே மிக வேண்டும். பேராற்றல் மிக்க ஒற்றை அணையைவிட, பரவிக் கிடக்கும் ஏரித்தொடரே இவ்விரு பணிகளையும் செய்ய வல்லது. ஆனால் தொடரின் கண்ணிகள் அறுபடாமல் இருக்க வேண்டும். தூர்ந்த ஏரியும் அடைபட்ட மறுகால் ஓடையும் இரு திறன்களையும் ஒருசேரக் குறைக்கின்றன.

முடிவுரை

தமிழக ஏரிக் கலிங்கின் வரலாறு மூன்று கட்டங்களாக அமைகிறது. முதற்கட்டத்தில் பெருமழை பற்றிய அறிவு ஊரின் பட்டறிவாகவும் நடைமுறையாகவும் இருந்தது. இரண்டாம் கட்டத்தில் அது ஒரு மாறிலியாகச் சுருக்கப்பட்டது. சுருக்கியதால் ஆயிரக்கணக்கான ஏரிகளைச் சீரமைக்க முடிந்தது; அதே வேளையில் மழை கணக்கிலிருந்து மறைந்தது. மூன்றாம் கட்டத்தில், மறைந்திருந்த மழையே மாறத் தொடங்கியுள்ளது.

ஆகவே முதற்பணி, மாறிலிக்குள் அடங்கிய மழையை மீண்டும் வெளிக்கொணர்வதாகும். ஒவ்வோர் ஏரித்தொடருக்கும், அண்மைப் பத்தாண்டுகளின் மழைப்பதிவையும் எதிர்கால வெப்பநிலை மதிப்பீட்டையும் கொண்டு கலிங்கின் கொள்திறன் மறுகணக்கிடப்பட வேண்டும். மேலேரிகளுக்கான கழிவு, அவை இன்று உண்மையில் உள்ள நிலையைக் கொண்டே வழங்கப்பட வேண்டும். கலிங்கை மீறிய வெள்ளம் வந்தால் எவ்வழியே செல்லும் என்பதும், அவ்வழியில் யாருடைய வீடுகள் உள்ளன என்பதும் முன்னரே அறியப்பட வேண்டும். உத்தரமேரூர் ஏரி வாரியம் ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏரியைப் பற்றிய கணக்கும் அவ்வாறே காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதை 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் உணர்த்துகின்றன.